பெட்டியா, பலகையா, ஊர் கூடிச் செய்வதா: தீப்பெட்டி ஆபிஸ் கதைக்கு எந்த வடிவம்?

என் கையில் இருந்தது மொத்தம் ஆறு பொருள். அம்மாவின் சம்பளச் சிட்டை ஒன்று, குச்சி அடுக்குகிற கட்டையில் பாதி, மூடி தொலைந்த அலுமினியத் தூக்குவாளி, பசை வைக்கிற சிரட்டை, ஒரு கட்டு லேபிள், அடிப்பெட்டிக்கு (தீப்பெட்டியில் இழுத்துத் திறக்கிற உள்பெட்டி) ஒட்டுகிற நீலத்தாள் கொஞ்சம். இவற்றைச் சேர்த்துக் கட்டி ஒரு கலைப்படைப்பு (அசம்பிளாஜ் என்பார்கள்) செய்ய வேண்டும் என்று ஆரம்பித்து ஏழு மாதம் ஆகியும் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை, ஏனென்றால் எந்த வடிவத்தில் செய்வது என்று தீர்மானிக்க முடியவில்லை. நான்கு வழி தெரிந்தது. நான்கையும் வரைந்து பார்த்தேன், இரண்டைப் பாதிவரை செய்தும் பார்த்தேன். உங்கள் வீட்டிலும் பீடி சுற்றிய ஆச்சியோ, தறியில் உட்கார்ந்த தாத்தாவோ, உப்பளத்தில் நின்ற அத்தையோ இருந்து, அவர்கள் புழங்கிய பொருள் நாலைந்து பரணில் கிடந்தால் நீங்களும் ஒருநாள் இந்த இடத்தில்தான் வந்து நிற்பீர்கள், அதனால் நான் எடைபோட்டுப் பார்த்ததை எல்லாம் எழுதிவிடுகிறேன்.

முதலில் கதை. எங்கள் ஊர் சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் இருக்கிற ஒரு கரிசல் கிராமம். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து, அடுத்த வருடம் சிவகாசியில் தொடங்கினார்கள். மழை பொய்க்கிற பூமி, வெயிலில் சீக்கிரம் காய்கிற பசை, வேலை தேடி நிற்கிற கைகள் என்று எல்லாம் சேர்ந்து அந்தத் தொழில் எங்கள் பக்கத்துக் கிராமங்கள் வரை பரவியது. எங்கள் ஊரில் யாரும் தொழிற்சாலை என்று சொல்லமாட்டார்கள், ‘தீப்பெட்டி ஆபிஸ்’தான். அம்மா 1977இல், ஒன்பது வயதில், மூன்றாம் வகுப்போடு ஆபிஸுக்குப் போனார். விடியும் முன்பே வேன் வந்து நிற்கும், தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். கட்டை அடுக்குவதுதான், அதாவது மருந்தில் முக்குவதற்குக் குச்சிகளைக் கட்டையில் வரிசையாக அடுக்குவதுதான், சின்னப் பிள்ளைகளின் வேலை, சின்ன விரல்தான் அதற்கு வேகம். தீப்பெட்டி, பட்டாசு வேலையில் 14 வயதுக்கு உட்பட்டவர்களை வைக்கக் கூடாது என்று சட்டம் வந்தது 1986இல். சிவகாசிக் குழந்தைகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996இல், அதில்தான் விதியை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று வந்தது. அதற்குள் அம்மாவுக்கே குழந்தை பிறந்துவிட்டது.

ஆக என் கையில் இருக்கிற பொருளில் ஒரே நேரத்தில் இரண்டு கதை இருக்கிறது. ஒன்று என் அம்மாவுடையது. இன்னொன்று அதே வேனில் ஏறின அத்தனை பிள்ளைகளுடையது. இந்த இரண்டில் எதை முன்னால் நிறுத்துவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது என்று எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. குடும்பக் கதை ஒற்றைப் பொருளைக் கேட்கும், இந்தத் தூக்குவாளி, இந்த நசுங்கல், இந்தக் கையெழுத்து என்று கேட்கும். ஊர்ப் பிரச்சினை எண்ணிக்கையைக் கேட்கும், ஒரு வாளியைப் பார்த்து ஒருவர் பாவம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம், நூறு வாளி இருந்தால் அப்படிப் போக முடியாது. கீழே நான் ஒப்பிடுகிற நான்கு வடிவத்தையும் இந்தக் கண்ணால்தான் பார்த்தேன்.

அசம்பிளாஜ் என்ற சொல்லுக்குப் பயப்பட வேண்டாம். கிடைத்த பொருள்களைச் சேர்த்துக் கட்டி ஒரு படைப்பாக்குவது, அவ்வளவுதான். பிரெஞ்சு ஓவியர் ழான் துபுஃபே 1953இல் இந்தச் சொல்லைக் கலைக்குப் பயன்படுத்தினார், 1961இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் இதற்கென்றே பெரிய கண்காட்சி வைத்தது, அதன் பிறகு பெயர் நிலைத்துவிட்டது.

கண்ணாடிப் பெட்டி

நான் முதலில் ஆசைப்பட்டது இதற்குத்தான், காரணம் பெட்டி சார் (Betye Saar) என்ற பெண். லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த கறுப்பினக் கலைஞர், 1926இல் பிறந்தவர், அவர் பெயரே பெட்டி என்பது தமிழில் படிக்கிறவர்களுக்கு மறக்காது. சின்ன வயதில் பாட்டி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சைமன் ரோடியா என்ற தொழிலாளி தனி ஆளாக உடைந்த ஓடு, பாட்டில், சிப்பி எல்லாம் பதித்துக் கட்டிக்கொண்டிருந்த வாட்ஸ் கோபுரங்களைப் பார்த்து வளர்ந்தார். 1967இல் பாசடீனாவில் ஜோசப் கார்னெல் என்ற கலைஞரின் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்தார். அதன் பிறகு அவரும் பெட்டிக்குள் செய்ய ஆரம்பித்தார்.

1972இல் அவர் செய்த ‘ஆன்ட் ஜெமைமாவின் விடுதலை’ ஒரு அடி உயரம்கூட இல்லாதது. அந்தக் காலத்தில் அமெரிக்கச் சமையலறைகளில் கறுப்பின வேலைக்காரியைக் கேலியாக வடித்த பொம்மைகள் விற்கும், குறிப்புத்தாள் செருகி வைக்கிற பொம்மை அது. சார் அந்தப் பொம்மையை எடுத்து ஒரு கையில் விளக்குமாறு, இன்னொரு கையில் துப்பாக்கி கொடுத்துப் பெட்டிக்குள் நிறுத்தினார், பின்னால் அதே பெயர் கொண்ட மாவு கம்பெனியின் முகப்படம் வரிசை வரிசையாக. அவமானப்படுத்த உண்டாக்கிய பொருளையே திருப்பி நிறுத்தினார். அந்த கம்பெனி பெயரை மாற்றப்போவதாக அறிவித்தது 2020இல், கிட்டத்தட்ட ஐம்பது வருடம் கழித்து. இரண்டு வருடம் தாண்டி 1974இல் அவருடைய பெரிய அத்தைப் பாட்டி ஹாட்டி இறந்தபோது, கையுறை, கைக்குட்டை என்று அவர் விட்டுப்போன பொருள்களைக் கொண்டும் வேலை செய்தார். சமூகத்துக்கான கோபமும் வீட்டுக்கான துக்கமும் ஒரே கையில் இருந்து வந்தன. எனக்கு அதுதான் பிடித்தது.

அதனால் தச்சரிடம் சொல்லி 12 அங்குலம், 9 அங்குலம், 3 அங்குல ஆழத்தில் ஒரு வேப்பமரப் பெட்டி செய்து வாங்கினேன், முன்பக்கம் கண்ணாடி. பெட்டியின் நல்ல குணங்கள் நிறைய. தூசி போகாது. பொருள் சின்னதாக இருந்தாலும் பெரிதாகத் தெரியும். கிட்டே வந்து குனிந்து பார்க்க வைக்கும். ஆறே பொருள் இருந்தாலும் போதும். வீடு மாறினால் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்விடலாம். செலவும் குறைவு, தப்பு செய்தால் ஒரு மாலைப்பொழுதுதான் போகும்.

சிட்டையைத் திறந்து நடுவில் வைத்து, கீழே சிரட்டை, பின்னால் லேபிள்கள், மேலே அம்மாவின் கல்யாணப் படம் (அதற்கு முந்தைய படம் ஒன்றுகூட இல்லை) என்று அடுக்கிக் கண்ணாடியைப் போட்டு ஊருக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு. ஆனா செத்தவங்க படம் மாதிரில்லம்மா இருக்கு. நான் இன்னும் இருக்கேன்ல?”

பெட்டி வடிவத்தைப் பற்றி நான் படித்த எதிலும் இந்தக் குறையைச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது, இது நம் வீடுகளில் மட்டும் இருக்கிற சங்கதி. கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் ஒரு முகத்தை வைத்துச் சுவரில் மாட்டினால், நம் கண் தானாக மாலையையும் சின்ன பல்பையும் தேடும். இறந்துபோனவர்களுக்குச் செய்கிறீர்கள் என்றால் இதைவிடப் பொருத்தமான வடிவம் வேறு கிடையாது, அந்தப் பழக்கமே உங்களுக்குத் துணைக்கு வரும். உயிரோடு இருப்பவருக்குச் செய்கிறீர்கள் என்றால் படத்தை வைக்காதீர்கள், அல்லது கண்ணாடியை எடுத்துவிடுங்கள். நான் பெட்டியை அன்றைக்கே கைவிட்டேன்.

சுவர்ப் பலகை

அடுத்தது எண்ணிக்கையை நம்பிப் போகிற வழி. பெரிய பலகை, அதில் ஒரே மாதிரிப் பொருள் பத்து, ஐம்பது, நூறு. இதற்கு நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்த உதாரணம் நோவா பியூரிஃபாய் என்ற அமெரிக்கக் கலைஞர். 1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் கலவரம் வெடித்து தெருத் தெருவாக எரிந்தது. பியூரிஃபாயும் ஜட்சன் பவலும் அந்தச் சாம்பலில் இருந்து மூன்று டன் பொருள்களைப் பொறுக்கினார்கள், எரிந்த மரம், உருகி வழிந்த நியான் விளக்குக் கண்ணாடி, நசுங்கிய தகரம். அதை வைத்து இன்னும் சில கலைஞர்களோடு சேர்ந்து 66 படைப்பு செய்து, 1966இல் முதலில் காட்டியது அதே பகுதியில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில். அருங்காட்சியகத்துக்குப் போகும் முன் எரிந்த தெருவில் இருந்தவர்களுக்கே முதலில் காட்டினார்கள் என்பதை நான் ரொம்பப் பெரிதாக நினைக்கிறேன். அந்தப் படைப்புகளில் பெரும்பாலானவை இன்றைக்கு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், பொறுக்கிச் சேர்த்த பொருளுக்கு ஆயுள் குறைவு.

நம் நாட்டில் இந்த எண்ணிக்கையின் பலத்தை நேரில் பார்க்க வேண்டுமானால் சண்டிகர் போக வேண்டும். நேக் சந்த் என்பவர் 1957இல் யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள் ஆரம்பித்து, உடைந்த வளையலும் கழிவறைப் பீங்கானும் கொண்டு செய்த உருவங்கள் 1976இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. ஒரு உடைந்த வளையல் குப்பை. ஆயிரக்கணக்கான வளையல் துண்டு சேர்ந்து ஒரு பெண்ணின் சேலையாக நிற்கும்போது குப்பை என்ற சொல்லே வாயில் வராது.

எங்கள் கதைக்குப் பலகை பொருந்தும் என்று தோன்றக் காரணம், தீப்பெட்டி வேலையே எண்ணிக்கையில்தான் நடந்தது. எல்லாமே குரோசுக் கணக்கு. ஒரு குரோசு என்றால் 144. அம்மாவின் சிட்டையில் ஒரு பெயர்கூடக் கிடையாது, குரோசும் அட்வான்ஸ் கழித்ததும்தான். வீட்டில் இருந்த லேபிள்கள் முன்னூற்றுச் சொச்சம், எல்லாம் ஒரே முயல் படம். அவற்றை நாலடிக்கு மூன்றடி பிளைவுட்டில் வரிசையாக ஒட்டிப் பார்த்தேன்.

பார்க்க அழகாக இருந்தது, அதுதான் பிரச்சினை. சிவகாசி அச்சு எவ்வளவு அழகு என்று சொல்வீர்கள், வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள், பழைய லேபிள் சேகரிப்பவர்கள் விலைகூடக் கேட்டார்கள். ஒட்டிய கை எங்கேயும் தெரியவில்லை. பலகை வடிவத்தின் ஆபத்து இது, எண்ணிக்கை கூடக் கூட அது துணி டிசைன் மாதிரி ஆகிவிடும், மனிதர்கள் மறைந்துபோவார்கள். பொருளே அழுக்காக, எரிந்து, உடைந்து இருந்தால் தப்பிக்கலாம், பியூரிஃபாய்க்கு அது நடந்தது. பளபளவென்று அச்சான லேபிளுக்கு அது நடக்காது. இரண்டாவது, நாலடிப் பலகை எங்கள் வீட்டில் மாட்ட இடமில்லை, பிளைவுட்டும் பீடிங் சட்டமும் சேர்ந்து தூக்க இரண்டு பேர் வேண்டும்.

தரையில் நிற்கிற உருவம் என்று மூன்றாவது ஒன்று உண்டு, அதை நான் அதிகம் யோசிக்கவில்லை. வெல்டிங் தெரிய வேண்டும் அல்லது தெரிந்தவர் வேண்டும், அடிப்பாகம் கனமாக இல்லாவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேல் சாயும், வைத்துவிட்டால் நகர்த்துவது கஷ்டம். பெரிய இரும்புச் சாமான், மாட்டுவண்டிச் சக்கரம், தறிக்கட்டை மாதிரி கையில் இருப்பவர்கள் யோசிக்கலாம். ஆறு சின்னப் பொருளுக்கு இது வேண்டாம்.

ஊர் கூடிச் செய்வது

நான்காவது வழியில் படைப்பு என்னுடையதே இல்லை. ஆளுக்கு ஒரு பொருள் கொண்டுவர வேண்டும், எல்லாம் ஒரே இடத்தில் சேரும். எய்ட்ஸில் இறந்தவர்களுக்காக அமெரிக்காவில் தைத்த நினைவுப் போர்வை இதற்குப் பெரிய முன்மாதிரி. துணிதான், ஆனால் அதில் இறந்தவரின் சட்டை, பொம்மை, சாவி என்று என்னென்னவோ தைத்திருப்பார்கள். ஒவ்வொரு துண்டும் மூன்றடிக்கு ஆறடி, ஒரு சவக்குழியின் அளவு. 1987 அக்டோபரில் வாஷிங்டனில் முதல்முறை விரித்தபோது 1,920 துண்டு. அளவு மட்டும்தான் விதி, உள்ளே என்ன என்பது அவரவர் பாடு. இந்த ஏற்பாட்டை நான் மனதில் குறித்துக்கொண்டேன்: அளவு ஒன்றாக இருந்தால் உள்ளே இருப்பது எவ்வளவு வேறாக இருந்தாலும் சேர்ந்து நிற்கும்.

நமக்குப் பக்கத்தில் யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2016 கொச்சி பினாலே என்ற கலைக் கண்காட்சியில் வைத்ததையும் சொல்ல வேண்டும். நூலகத்தில் இருக்குமே, அட்டைகள் அடுக்கிய இழுப்பறை அலமாரி, அந்த வடிவம். போர்க்காலத்தில் இல்லாமைக்குள் மக்கள் எப்படிச் சமாளித்து வாழ்ந்தார்கள் என்ற கதைகள் அந்த அட்டைகளில் இருந்தன. நின்று பார்த்துவிட்டுப் போக முடியாது, இழுத்துத் திறந்து படிக்க வேண்டும்.

ஊர் கூடிச் செய்வதன் கஷ்டங்களை மறைக்காமல் சொல்கிறேன். நேரம் பிடிக்கும், நான் மூன்று மாதம் என்று நினைத்தது வருடத்தைத் தாண்டும் போலிருக்கிறது. கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்பார்கள், கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது, அதனால் எதையும் நிரந்தரமாக ஒட்டக் கூடாது. எல்லாவற்றையும்விடக் கஷ்டம் எங்கே வைப்பது என்பது. ஆபிஸில் எல்லாத் தெருப் பெண்களும் ஒரே கூடத்தில் உட்கார்ந்துதான் கட்டை அடுக்கினார்கள், வேனில் இருந்து இறங்கியதும் அவரவர் தெருவுக்குப் போனார்கள். இன்றைக்கும் ஒரு தெருவின் சமுதாயக் கூடத்தில் வைத்தால் இன்னொரு தெரு வராது. யாருக்கும் தயக்கமில்லாமல் வந்துபோக முடிகிற இடம் எது என்று முதலிலேயே பெண்களிடமே கேட்டுவிடுங்கள். எங்கள் ஊரில் அது பள்ளிக்கூடம். அந்த ஒரு பதிலே அளவையும் எடையையும் உயரத்தையும் தீர்மானித்துவிட்டது, பிள்ளைகள் கைபடும், அதனால் கண்ணாடி கூடாது, கூர்மையான தகரம் கூடாது.

அசலா நகலா, ஒட்டுவதா கட்டுவதா

எந்த வடிவம் எடுத்தாலும் இந்த இரண்டு கேள்வியும் வரும். தாள் என்றால் நகல்தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிட்டையின் தாள் ஏற்கெனவே பழுத்துவிட்டது, வெளிச்சத்தில் வைத்தால் மை போய்விடும், சுவரில் வைத்தால் ராமபாணப் பூச்சி வரும். ஸ்கேன் செய்து, கொஞ்சம் தடிமனான தாளில் அச்செடுத்துப் பயன்படுத்துங்கள், அசலை அம்மாவிடமே கொடுத்துவிடுங்கள். சிட்டையின் அட்டையில் ஆபிஸின் பெயரும் கணக்குப்பிள்ளையின் கையெழுத்தும் இருந்தன, நகலில் அவற்றை மறைத்துவிட்டேன். அட்வான்ஸ் கணக்கில் அம்மாவை ஏமாற்றியிருக்கிறார்கள் என்பது கூட்டிப் பார்த்தால் தெரிகிறது, எனக்குக் கோபம்தான், ஆனால் அம்மா ஊரில் வாழ்கிறார், நான் சென்னையில் இருந்துகொண்டு அவர் பெயரில் சண்டை போடக் கூடாது. மரம், அலுமினியம், சிரட்டை மாதிரிப் பொருள் என்றால் அசலை வையுங்கள், அவற்றின் தேய்மானத்தை நகல் எடுக்க முடியாது. தூக்குவாளியின் கைப்பிடிக் கம்பி ஒரு இடத்தில் மட்டும் மெலிந்திருக்கும், விரல் பட்டே தேய்ந்தது.

ஒட்டுவதில், மரத்துக்கும் தாளுக்கும் ஃபெவிகால் போதும். உலோகத்துக்கு அரால்டைட் நன்றாகப் பிடிக்கும், பிடித்தால் விடாது, அதனால் திருப்பித் தர வேண்டிய எதிலும் தொடாதீர்கள். சூடாக உருக்கி ஒட்டுகிற குளூ கன் எங்கள் பக்க வெயிலுக்கு ஆகாது, சித்திரை மாதம் ஓட்டுக்கூரைக்குக் கீழே இளகி, ஒட்டினது எல்லாம் தொங்கும். நான் பெரும்பாலும் துளை போட்டுக் கம்பியால் கட்டுகிறேன், அவிழ்க்கலாம், மறுபடி கட்டலாம். தீப்பெட்டி சம்பந்தமாகச் செய்கிறவர்களுக்கு இன்னொன்று: மருந்து முக்கிய குச்சியைப் படைப்பில் வைக்கவே வைக்காதீர்கள். தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட், பெட்டிப் பக்கத்தில் தடவியிருப்பது சிவப்பு பாஸ்பரஸ், நூற்றுக்கணக்கில் சேர்த்து மரப்பலகையில் வைத்தால் அது கலை இல்லை, விபத்து. மருந்து முக்காத வெறுங்குச்சி கேட்டு வாங்கலாம். மருந்துப் பட்டை இல்லாத பெட்டி ஒட்டிக்கொள்ளலாம்.

எதை எடுத்தேன்

பெட்டியைக் கைவிட்டு, பலகையில் பாதியில் நின்று, ஊர் கூடுவதைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்த நேரத்தில் அம்மாவிடம் ஒரு தீப்பெட்டி ஒட்டிக் காட்டச் சொன்னேன். எப்படி ஒட்டுவார்கள் என்று வீடியோ எடுக்கத்தான். மைதாவைக் காய்ச்சி மயில்துத்தம் கொஞ்சம் போட்டார் (பூச்சி வராது, ஆனால் வாயில் பட்டால் விஷம், பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள்). சிரட்டையில் ஊற்றினார். நாற்பது வருடத்துக்கு முன்பு செய்த வேலை. டிவியைப் பார்த்துக்கொண்டே ஒட்டினார், கை தானாக மடித்தது, மூன்று விரலில் மடிப்பை அழுத்திக் கீழே போட்டார், அடுத்தது. நிறுத்தச் சொல்ல மறந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முறம் நிறைந்தபோது எண்ணினேன், எழுபது தாண்டியிருந்தது. “ஒரு குரோசு ஆக்கிட்டு எந்திரிக்கேன்” என்றார்.

அந்த 144 பெட்டிதான் இப்போது வடிவம். முதலில் அவற்றைப் பலகையில் படுக்கவைத்து ஒட்டினேன், அப்புறம்தான் பக்கத்துப் பெட்டி இடிப்பதால் அடிப்பெட்டியை இழுக்க முடியாது என்று தெரிந்தது. சின்ன வயதில் எல்லோரும் தீப்பெட்டிகளை ஒட்டி ஒரு இழுப்பறை மேசை செய்திருப்போமே, அந்த மாதிரி, திறக்கிற பக்கம் நம்மைப் பார்க்கும்படி நிறுத்தினால் போதும். குறுக்கே 8, மேலே 18 என்று அடுக்கினால் ஒரு குரோசும் ஏறக்குறைய ஒரு அடிக்கு ஒரு அடியில் அடங்கிவிடுகிறது. எண்ணிக்கை வேண்டும் என்று நாலடிப் பலகை தேடிய எனக்கு அது ஆச்சரியம்தான். 144 சின்ன வாய், ஒவ்வொன்றிலும் இழுக்க ஒரு நூல். பாதிக் கட்டை அதன் மேல் முகடு மாதிரி உட்கார்ந்திருக்கிறது, கம்பியில் தூக்குவாளி தொங்குகிறது. பின்பக்கம் 12 மி.மீ. பிளைவுட். முயல் லேபிள்கள் எல்லாம் பெட்டிகளுக்குள் மறைந்துவிட்டன, இழுத்தால் மட்டும் ஓரம் தெரியும். அழகு அங்கே போய் ஒளிந்துகொண்டதில் எனக்குத் திருப்திதான்.

கண்ணாடிப் பெட்டியில் இருந்து கிட்டே வர வைக்கிற குணம் வந்துவிட்டது, பலகையில் இருந்து எண்ணிக்கை, ஊர் கூடுவதில் இருந்து ஒரே அளவு, உள்ளே அவரவர் பாடு. நான் மூன்றையும் கலக்க வேண்டும் என்று திட்டமிடவில்லை, அந்த வேலைக்குள்ளேயே வடிவம் இருந்தது. அதனால் நீங்கள் தேர்வு செய்யும் முன் ஒரு வேலை செய்யுங்கள்: பொருளை மட்டும் வைத்துக்கொண்டு உட்காராமல், முடிந்தால் அந்த வேலையை அவர்கள் கையால் ஒருமுறை செய்யச் சொல்லிப் பாருங்கள். தறியில் பாவு ஓட்டுவதிலும் பீடிக்கட்டு கட்டுவதிலும் ஒரு எண்ணும் ஒரு அடுக்கும் இருக்கும். இன்னொரு நன்மை, தாள் பெட்டி பிய்ந்துபோகுமே என்று கவலைப்பட்டபோது அம்மா சொன்னது: “பிஞ்சா வேற ஒட்டிக்கிடலாம்.” ஊரில் அறுபது பெண்களுக்குக் குறையாமல் அதைச் சரிசெய்யத் தெரியும். கண்ணாடி உடைந்தால் சாத்தூருக்குத்தான் போக வேண்டும்.

இந்தத் தேர்வுக்கும் குறை இருக்கிறது. தூரத்தில் இருந்து பார்த்தால் ஒன்றும் புரியாது, கூட்டமாகப் பார்க்க முடியாது, இரண்டு பேர் நின்றாலே மறைக்கும். மழைக்காலத்தில் தாள் நமுத்துப்போய் அடிப்பெட்டி இறுகிவிடுகிறது. உங்கள் நோக்கம் ஒரு போராட்டத்தில், ஒரு பொதுக்கூட்டத்தில் நிறுத்துவது என்றால் இது வேண்டாம், பெரிய பலகைக்கே போங்கள்.

எங்கள் ஊரில் இப்போது போராட்டமும் மாறிவிட்டது. முழு இயந்திர ஆலைகளோடு போட்டி போட முடியாமல் சின்ன ஆபிஸ்கள் மூடிவிட்டன. ஒரு ரூபாயாக இருந்த தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆனது, 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களின் இறக்குமதிக்கு 2023இல் தடை வந்தது, ஆனாலும் கைவேலை திரும்பவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், அது நல்லது. அவர்களுடைய பாட்டிகள் என்ன செய்தார்கள் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அதற்காகத்தான் பள்ளிக்கூடத்தின் சுவரில், எட்டு வயதுப் பிள்ளையின் கண் உயரத்தில் மாட்டப்போகிறோம்.

இதுவரை 38 பெட்டி நிறைந்திருக்கிறது. ஒருவர் காதில் கிடந்த பித்தளைத் தோடு கொடுத்தார். ஒருவர் வேன் டிரைவர் கொடுத்த பொரிகடலையைப் பற்றி நாலு வரி, அறிவொளி இயக்கத்தில் கற்ற கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். அம்மா தன் பெட்டி எது என்று சொல்ல மறுக்கிறார், ஏதோ வைத்துவிட்டார், கடைசி வரிசையில் என்று நினைக்கிறேன். போன வாரம் வடக்குத் தெரு அத்தை ஒருவர் வந்து, முந்தானையில் முடிந்துவைத்திருந்ததை அவிழ்த்து ஒரு குச்சியை எடுத்தார். மருந்துக் குச்சி வைக்கக் கூடாது அத்தை என்று நான் சொல்ல வாயெடுக்கும் முன், “இது சிலேட்டுக் குச்சித்தா, மூணாப்புல கடைசியா வாங்கினது” என்றார். அடிப்பெட்டியில் வைத்தோம். நீளம் சரியாக இருந்தது.